சன்னம் மாறினால் குழலைத் துடைக்க வேண்டுமா?

இரத்தோட்டையிலிருந்து ரிவர்ஸ்டன் ஏறி, பிட்டவல பத்தனையைத் தாண்டி, இலுக்கும்புர வழியாக லக்கல பல்லேகம பக்கம் இறங்கும் பாதையில் காடு எங்கே முடிகிறது, தோட்டம் எங்கே தொடங்குகிறது என்று சொல்வது கஷ்டம். நக்கிள்ஸ் மலைத்தொடர் 2010இல் மத்திய மலைநாட்டின் ஒரு பகுதியாக யுனெஸ்கோவின் உலக மரபுரிமைப் பட்டியலில் ஏறியது. அதன் கிழக்குச் சரிவில் மிளகும் ஏலமும் நெல்லும் வளர்கின்றன. களு கங்கை நீர்த்தேக்கத்துக்காகப் பழைய பல்லேகம நகரம் நீருக்குள் போனது. 2018 ஜனவரியில் புதிய லக்கல நகரம் திறக்கப்பட்டது. ஊர் இடம் பெயர்ந்தது, குரங்கு பெயரவில்லை.

குரங்குப் பிரச்சினை லக்கலக்கு மட்டும் உரியதல்ல. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணிக்கு, ஐந்து நிமிடத்துக்குள், நாடெங்கும் மக்கள் தங்கள் வளவில் நின்ற குரங்கு, மந்தி, மலை அணில், மயில் எல்லாவற்றையும் எண்ணி எழுதினார்கள். குரங்கு மட்டும் 50 இலட்சத்தைத் தாண்டியது என்றது அரசு. ஐந்து நிமிடக் கணக்கை எப்படி நம்புவது என்று கேட்டார்கள் சூழலியலாளர்கள். அதற்கு ஐந்து வாரம் முன்னர்தான், பெப்ரவரி 9ஆம் திகதி, நாடு முழுவதும் மின்சாரம் போனது. பாணந்துறை உப மின்நிலையத்தில் புகுந்த ஒரு குரங்கின் மேல் பழி விழுந்தது. 2023இல் ஒரு இலட்சம் குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை எழுந்து, எதிர்ப்பினால் அடங்கியது. இவ்வளவுக்கும் நடுவில், பட்டாசும் தகரமும் சலித்துப் போன விவசாயியின் கண் எயார் ரைபிளின் பக்கம் திரும்புகிறது.

துவக்கு வீட்டுக்கு வந்ததும் அதோடு சில்லறைச் சந்தேகங்களும் வருகின்றன. அதில் ஒன்று: ஒரு டப்பா சன்னம் முடிந்து, கடையில் வேறு கம்பனிச் சன்னம்தான் கிடைத்தது என்றால், அதைப் போடுவதற்கு முன் குழலைத் துடைக்க வேண்டுமா? கட்டாயம் வேண்டும் என்று ஒரு சாரார், தொடவே கூடாது என்று இன்னொரு சாரார். இரண்டு பக்கமும் அனுபவம் பேசுகிறது. அதனால்தான் இதை ஒரு தரம் முழுவதுமாகப் பார்ப்பது நல்லது.

குரங்கைச் சுடலாமா என்பது வேறு கேள்வி, அது இங்கே இல்லை. ஆனாலும் மந்தியும் மயிலும் மலை அணிலும் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டத்தின் கீழ் வருபவை. நக்கிள்ஸ் வனத்துக்குள் எதையும் சுட முடியாது. துவக்கு வாங்கும் முன் அனுமதி விதிகளைக் கேட்டறிந்துகொள்ள வேண்டும். அரை கிராம் ஈயம் ஒரு பெரிய குரங்கைக் கொல்வதைவிடக் காயப்படுத்தி விடுவதே அதிகம். அந்தக் காயத்தோடு அது பல நாள் அலையும். மரத்தில் கட்டிய தகரத்தில் சுட்டாலும் கூட்டம் கலையும். எங்கே குறி வைத்தாலும் சன்னம் அங்கேதான் போக வேண்டும் என்பதில் மட்டும் இரண்டு கருத்து இருக்க முடியாது.

துடைக்க வேண்டும் என்ற பழக்கம் எங்கிருந்து வந்தது என்பதிலிருந்து தொடங்கலாம். அது எயார் ரைபிளின் பழக்கமே இல்லை, மருந்துத் துவக்கிலிருந்து வந்தது. கருமருந்து எரிந்தால் அதில் பாதிக்கு மேல் திண்மக் கழிவாகக் குழலில் படியும். அந்தப் படிவு காற்றிலுள்ள ஈரத்தை இழுக்கும். ஓர் இரவு விட்டால் போதும், விடியும்போது குழலுக்குள் துரு. பழைய இராணுவத் தோட்டாக்களின் அடியிலிருந்த தீப்பொறி மருந்தும் உப்பைக் கக்கியது. அதனால் சுட்ட அன்றே கொதிநீர் ஊற்றிக் கழுவி எண்ணெய் போடாத படைவீரனுக்குத் தண்டனை கிடைத்தது. வாய்வழியாக மருந்து இடிக்கும் நாட்டுத் துவக்கை வைத்திருந்த பாட்டன்மாரும் அப்படியேதான் செய்தார்கள். கழுவாத துவக்கு வெடிக்காது, அல்லது கையில் வெடிக்கும். அந்தப் பயம் நியாயமானது.

எயார் ரைபிளில் எதுவும் எரிவதில்லை. வில்லு அழுத்திய காற்றோ, சிலிண்டரில் அடைத்த காற்றோ சன்னத்தைத் தள்ளுகிறது, அவ்வளவுதான். உப்பும் இல்லை, கரியும் இல்லை. ஆகவே துடைக்காவிட்டால் குழல் அரித்துப் போகும் என்ற பாட்டன் காலக் காரணம் இங்கே செல்லாது. பழக்கம் மட்டும் கைமாறி வந்திருக்கிறது.

அப்படியானால் குழலுக்குள் என்னதான் இருக்கிறது? ஒரு தங்கூசியை இரண்டாக மடித்து, வளைந்த பக்கத்தில் விரல் நகம் அளவு பருத்தித் துணியைக் கோத்து, குண்டு போடும் பக்கத்திலிருந்து விட்டு வாய்ப்பக்கமாக இழுத்துப் பாருங்கள். முதல் துணி சாம்பலும் கறுப்புமாக வரும். விரலில் தேய்த்தால் பென்சில் தூள் போல வழுக்கும். அது பெரும்பாலும் ஈயத்தூளும், சன்னத்துக்குக் கம்பனி பூசிய கிராபைற்றும், வில்லுத் துவக்கென்றால் பிஸ்டனிலிருந்து வந்த கொஞ்சம் எண்ணெயும். வெளிச்சத்தில் திருப்பினால் ஒன்றிரண்டு வெள்ளிச் சிலும்புகள் மினுங்கும். அவை குழலின் உட்சுவரிலுள்ள சுருள் புரிகள் சன்னத்தைச் செதுக்கியபோது உதிர்ந்தவை. இரண்டாவது, மூன்றாவது துணியும் கறுப்பாகத்தான் வரும். பத்தாவதும் சுத்தமாக வராது. இதைப் பார்த்துப் பயந்துதான் பலர் மணிக்கணக்கில் தேய்க்கிறார்கள். துணி வெளுக்கும்வரை துடைக்கத் தேவையில்லை. துணியின் நிறத்துக்கும் குறிக்கும் நேரடித் தொடர்பு கிடையாது.

ஈயம் 327 பாகை செல்சியசில்தான் உருகும். எயார் ரைபிள் சன்னம் குழலுக்குள் உருகுவதில்லை. மெல்லத் தேய்ந்து ஒரு பூச்சாகப் படிகிறது. சன்னத்தின் இடுப்பு ஒடுங்கிய வடிவத்தைக் கவனித்தால் காரணம் புரியும். தலை புரிகளின் மேட்டில் ஓடுகிறது, பின்னாலுள்ள பாவாடை காற்றழுத்தத்தில் விரிந்து குழலை அடைக்கிறது. உலோகம் உரசும் பரப்பு சிறியது. நடுத்தர வேகத்தில் சுடும் வில்லுத் துவக்கில் இந்தப் பூச்சு ஓர் அளவுக்கு மேல் தடிப்பதில்லை. அடுத்து வரும் சன்னம் முந்தியதன் மிச்சத்தைத் தள்ளிக்கொண்டு போகிறது. உயர் அழுத்தக் காற்றுச் சிலிண்டர் துவக்குகளில் கதை கொஞ்சம் வேறு. அங்கே காற்று வறண்டது, எண்ணெய்ப் பசை இல்லை, வேகமும் செக்கனுக்கு 270 மீற்றருக்கு மேல் போகலாம். அப்போது குழல்வாய்ப் பக்கத்துப் புரிகளில் ஈயம் உண்மையிலேயே ஒட்டிக் குறியைக் கெடுக்கும். துடைத்துத்தான் ஆக வேண்டும் என்று வாதிடுபவர் பலரும் இந்த வகைத் துவக்குக்காரர்கள் என்பதையும் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும்.

இனி மாற்றம். எல்லாச் சன்னமும் ஈயம் என்றாலும் எல்லா ஈயமும் ஒன்றல்ல. சிலவற்றில் அந்திமனி கலந்திருக்கும், அவை கடினம். சில தூய ஈயம், நகம் பட்டாலே தடம் விழும். சிலவற்றில் கிராபைற், சிலவற்றில் மெழுகு, சிலவற்றில் ஒன்றுமே இல்லை. 4.5 மில்லிமீற்றர் என்று எழுதியிருந்தாலும் தலையின் விட்டம் 4.49, 4.50, 4.51, 4.52 என்று நூறில் ஒரு மில்லிமீற்றர் வித்தியாசத்தில் தனித்தனி டப்பாக்களில் விற்கப்படுகிறது. ஆகவே புதுச் சன்னம் பழைய சன்னத்தின் பூச்சின் மேல் ஓடும்போது உராய்வு மாறுகிறது, வேகம் மாறுகிறது, முதல் சில வெடிகள் அங்குமிங்கும் போகின்றன. கொஞ்ச நேரத்தில் புதுச் சன்னத்தின் சொந்தப் பூச்சு படிந்து குறி அடங்குகிறது. சுடுபவர்கள் இதைக் குழல் பழகுவது என்பார்கள். இதை இரு சாராரும் ஒப்புக்கொள்கிறார்கள். தகராறு அடுத்த படியில்தான்.

துடைப்போர் கட்சியின் வாதம்: பழைய பூச்சை எடுத்துவிட்டால் புதுச் சன்னம் வெறுங்குழலில் தொடங்கும், சீக்கிரம் பழகும், இரண்டு சன்னங்களை ஒப்பிடும்போது நீதியும் கிடைக்கும். தொடாதோர் கட்சி சொல்வது: வெறுங்குழலும் ஒரு பழகாத குழல்தான், துடைத்தாலும் பழக்க வேண்டும், துடைக்காவிட்டாலும் பழக்க வேண்டும், துடைப்பது ஒரு வேலையைக் கூட்டுகிறதே தவிர ஒரு வெடியையும் மிச்சப்படுத்துவதில்லை.

என் பார்வையில் இரண்டாவது வாதம்தான் பலமானது. துடைத்த குழலில் முதல் சில சன்னங்கள் தவறான இடத்தில் விழுவதைச் சுட்ட எவரும் பார்த்திருப்பார். துவக்குக்குத் துவக்கு எண்ணிக்கை வேறுபடலாம். பத்து வெடியில் அடங்குவதும் உண்டு, முப்பது கேட்பதும் உண்டு. செலவைப் பார்த்தாலும் 500 சன்னம் உள்ள டப்பாவில் 20 சன்னம் நூற்றுக்கு நாலு வீதம்தான். கடதாசிக் குறியில் அந்த இருபதைச் சுட்டுவிட்டு வேலையைத் தொடங்குவது துடைப்பதைவிடச் சுலபம், குழலுக்கும் பாதுகாப்பு.

இதில் இன்னொரு மயக்கமும் கலந்திருக்கிறது. சன்னத்தை மாற்றியதும் குறி கீழே இறங்கிவிட்டது, குழலில் அழுக்கு என்பார்கள். அழுக்கை விட்டுவிட்டு எடையைப் பாருங்கள். ஒரு சன்னம் செக்கனுக்கு 240 மீற்றரிலும் அதைவிடக் கனமான மற்றொன்று 200 மீற்றரிலும் புறப்பட்டால், 25 மீற்றர் தூரத்தைக் கடக்கும் நேரத்தில் ஈர்ப்பு விசை முதலாவதை சுமார் 5.3 சென்ரிமீற்றரும் இரண்டாவதை 7.7 சென்ரிமீற்றரும் இறக்குகிறது. காற்றுத் தடையைச் சேர்த்தால் வித்தியாசம் இன்னும் கூடும். கிட்டத்தட்ட இரண்டரைச் சென்ரிமீற்றர் சரிவு வெறும் எடையால் மட்டும் வருகிறது. அதை எத்தனை துணி போட்டுத் தேய்த்தாலும் மேலே ஏற்ற முடியாது. செய்ய வேண்டியது பார்வைக் குறியைத் திருகுவது.

ஒப்பிட்டுப் பார்ப்பதிலும் அவசரம் கூடாது. மூன்று சன்னம் சுட்டு, துளைகள் நெருங்கியிருந்தால் நல்லது, விலகியிருந்தால் கெட்டது என்று தீர்ப்பெழுதுபவர் அதிகம். ஒரே துவக்கில், ஒரே சன்னத்தில், ஒரே ஆள் ஐந்தைந்தாகச் சுட்டாலும் ஒரு கொத்து மற்றதைவிட ஒன்றரை மடங்கு அகலமாக விழுவது சாதாரணம். அதற்குத் தனிக் காரணம் எதுவும் வேண்டியதில்லை. துடைத்தபின் வந்த ஒரு சிறிய கொத்தைக் காட்டித் துடைத்ததால் வந்தது என்பவரும், துடைக்காமல் வந்த கொத்தைக் காட்டி மறுப்பவரும் இந்தத் தற்செயலையே மாறி மாறிச் சாட்சிக்கு அழைக்கிறார்கள். உண்மையில் அறிய வேண்டுமென்றால் பழைய சன்னத்தில் சில கொத்து, புதியதில் இருபது பழக்க வெடிக்குப் பிறகு சில கொத்து, மறுபடி பழையதுக்குத் திரும்பி, பழக்கி, சில கொத்து. மூன்றாவது சுற்று முதலாவதோடு ஒத்துப்போனால்தான் நடுவில் கண்ட வித்தியாசம் சன்னத்தினுடையது. ஒத்துப்போகவில்லை என்றால் மாறியது காற்று, வெயில் அல்லது சுடுபவரின் தோள்.

போட்டிக்குச் சுடுபவர்கள் என்ன செய்கிறார்கள் என்று கேட்பது நியாயம். 10 மீற்றர் எயார் ரைபிள் போட்டியில் பத்துப் புள்ளி வளையம் அரை மில்லிமீற்றர் அகலம், அதாவது 4.5 மில்லிமீற்றர் சன்னத்தின் துளைக்கு நடுவில் வைத்த ஒரு புள்ளி. 2021 ஜூலை 24ஆம் திகதி தோக்கியோவில் நடந்த பெண்கள் போட்டியில் இலங்கையின் தெஹானி எகொடவெலவும், கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவனும் ஒரே தகுதிச் சுற்றில் சுட்டார்கள். 2008இல் பீஜிங்கில் அபினவ் பிந்த்ரா இந்தியாவுக்கு முதலாவது தனிநபர் ஒலிம்பிக் தங்கத்தைக் கொண்டுவந்ததும் இதே 10 மீற்றர் எயார் ரைபிளில்தான். இந்த மட்டத்தில் சன்னத்தை அடிக்கடி மாற்றும் பேச்சே இல்லை. துவக்கைப் பிடிப்பானில் இறுக்கி, பல தொகுதிச் சன்னங்களைச் சுட்டுப் பார்த்து, குழலுக்குப் பொருந்தும் ஒரு தொகுதியைத் தேர்ந்து, அதையே மொத்தமாக வாங்கி வைக்கிறார்கள். துடைப்பதற்குக் கம்பளியால் செய்த மென்மையான அடைப்புகளைப் பாவிக்கிறார்கள். துடைத்தபின் சில சன்னம் சுட்டுக் குழலைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்த பிறகே போட்டி வெடி. சிலிண்டர் துவக்கில் அந்தக் கம்பளியைச் சன்னம் போலவே சுட்டு வெளியேற்றலாம். வில்லுத் துவக்கில் அப்படிச் செய்வது தவறு. கம்பளிக்குக் கனமில்லாததால் பிஸ்டனுக்கு முன்னால் தாங்கும் காற்று மெத்தை உருவாகாது, பிஸ்டன் சிலிண்டரின் முகத்தில் மோதும். சன்னம் போடாமல் சும்மா வெடிப்பது போலத்தான். லக்கல விவசாயியின் கையில் இருப்பது பெரும்பாலும் குழலை மடக்கி ஏற்றும் வில்லுத் துவக்குத்தான் என்பதால், கம்பளியைக் கோல் கொண்டு தள்ளுவதே சரி.

துடைப்பதில் நட்டம் வராதா? வரும், அதுவும் துடைக்காததால் வருவதைவிடப் பெரிய நட்டம். எயார் ரைபிள் குழலின் எஃகு மருந்துத் துவக்கின் எஃகைவிட மென்மையானது. இரும்புத் தூரிகையை விட்டு இழுத்தால் புரிகளில் கீறல். வாய்ப்பக்கமாகக் கோலைச் செருகினால் குழல்வாயின் விளிம்பில் கோல் உரசும். சன்னம் குழலைவிட்டு வெளியேறும்போது கடைசியாகத் தொடும் இடம் அந்த விளிம்பு. அதில் ஒரு பக்கம் மட்டும் மொட்டையானால் காற்று ஒரு பக்கமாகக் கசிந்து சன்னத்தின் பாவாடையைத் தள்ளும். அதற்குப் பிறகு எந்தச் சன்னம் போட்டாலும் சரிவராது. பழைய துவக்கு குறி தப்புகிறது என்று கொண்டுவந்தால், அழுக்கைத் தேடும் முன் குழல்வாயைக் கண்ணாடி வைத்துப் பார்க்க வேண்டும்.

அடுத்தது எண்ணெய். துவக்கு என்றால் எண்ணெய் போடுவதுதானே என்று மோட்டார் சைக்கிளுக்கு வாங்கிய எண்ணெயையோ, துரு இளக்கும் திரவத்தையோ குழலுக்குள் பீச்சுகிறார்கள். வில்லுத் துவக்கில் பிஸ்டன் ஒரு கணத்தில் காற்றை நெருக்கும்போது அது பல நூறு பாகைக்குச் சூடாகிறது. அங்கே பெற்றோலிய எண்ணெய்த் துளி இருந்தால் டீசல் எஞ்சினில் நடப்பதுதான் நடக்கும். பட்டென்று சத்தம், புகை, கருகிய வாடை. துவக்கு பலமாகிவிட்டது என்று சிலர் சந்தோஷப்படுகிறார்கள். அந்தப் பலம் முத்திரை வளையத்தையும் வில்லையும் தின்றுதான் வருகிறது. சிலிண்டர் துவக்கிலோ கரைப்பான்கள் ரப்பர் வளையங்களை ஊதவைத்துக் காற்றைக் கசியவிடும். எண்ணெய் போட்டே ஆக வேண்டுமென்றால் துணியில் ஒரு சொட்டு, குழலில் இழுத்தபின் காய்ந்த துணி ஒன்று, அதன் பிறகே சன்னம்.

எண்ணெயே வேண்டாம் என்றும் லக்கலயில் சொல்ல முடியாது. வெளிநாட்டு ஆலோசனைகள் இந்த இடத்தில் நம் ஊரோடு ஒட்டாமல் போகின்றன. வறண்ட குளிர்நாட்டில், சூடாக்கிய அறையில் வைத்த துவக்கைப் பற்றிச் சொன்னதை அப்படியே கொண்டுவந்து நக்கிள்ஸின் கிழக்குச் சரிவில் பொருத்த முடியாது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் இங்கே உடுப்பே காயாது. ரிவர்ஸ்டன் மேட்டில் மூடுபனி பகலிலும் இறங்கிவரும். குழலின் வெளிப்புறம் கறுப்பு மெருகிடப்பட்டது, உட்புறம் வெறும் எஃகு. காவல் குடிலில் சாய்த்து வைத்த துவக்கின் குழலுக்குள் ஈரக்காற்று குளிர்ந்து பனிக்கும். ஈயப் பூச்சு ஓரளவு மூடினாலும் முழுதாகக் காக்காது. சுடாமல் இரண்டு மூன்று மாதம் வைத்த துவக்கில் துணி இழுத்தால், கறுப்போடு செம்மஞ்சள் நிறமும் வருவது உண்டு. கவலைப்பட வேண்டிய நிறம் அதுதான். துரு பிடித்த குழல் சாணைக்கல் போலச் சன்னத்தைச் சீவும். அதன் பிறகு ஈயம் ஒட்டுவதும் கூடும், துடைக்க வேண்டிய தேவையும் கூடும்.

ஆகவே லக்கலயில் குழலைத் துடைக்கும் நேரத்தைச் சன்னத்தின் டப்பா தீர்மானிப்பதைவிட மழை தீர்மானிப்பது பொருத்தம். நனைந்த அன்று மாலை காய்ந்த துணி இரண்டு, பிறகு எண்ணெய் பட்ட துணி ஒன்று. விளைச்சல் முடிந்து துவக்கை உள்ளே வைக்கும்போது அதேபோல மெல்லிய எண்ணெய்ப் பூச்சு. உறையில் போட்டு மூடாமல், காற்றாடும் இடத்தில், பிள்ளைகளின் கைக்கு எட்டாமல், பூட்டி. மறுபடி எடுக்கும்போது முதல் வேலை அந்த எண்ணெயைத் துடைப்பது. இதை மறந்து சுட்டால் மேலே சொன்ன டீசல் வெடிதான். புதிதாக வாங்கிய துவக்கிலும் ஆலையில் பூசிய காப்பெண்ணெய் இருக்கும், அதையும் ஒரு தரம் துடைக்க வேண்டும். இவை தவிர, இருபது முப்பது பழக்க வெடிக்குப் பின்னும் கொத்து முன்பைவிட அகன்றே இருக்கிறது, திருகுகள் இறுக்கமாக இருக்கின்றன, சன்னங்களின் பாவாடை நசுங்கவில்லை, குழல்வாயிலும் பழுதில்லை என்றால் அப்போது துடைக்கலாம். திருகைப் பார்க்காமல் துடைப்பவர்தான் அதிகம். வில்லுத் துவக்கின் இரட்டை அதிர்வில் கட்டைத் திருகு இளகுவது, குழல் அடைவதைவிட அடிக்கடி நடக்கும் சங்கதி.

சன்னம் மாறும்போதே துடைக்க வேண்டிய ஒரு சந்தர்ப்பம் உண்டு. ஈயத்திலிருந்து ஈயமற்ற சன்னத்துக்கு, அதாவது வெள்ளீயக் கலவைக்குப் போகும்போது. வெள்ளீயம் ஈயத்தைவிடக் கடினம், அடர்த்தியும் குறைவு, ஈயம் 11.3 என்றால் இது 7.3. அதே அளவுச் சன்னம் இலேசாகி வேகமாகப் பறக்கும், புரிகளுக்கு ஏற்ப எளிதில் நெளிந்தும் கொடுக்காது. குழலில் ஈயப் பூச்சு தடித்திருந்தால் கடினச் சன்னம் அதை ஒழுங்கின்றி உரிக்கும், குறி அடங்க நிறைய நேரம் எடுக்கும். ஈயமற்ற சன்னத்துக்கு மாறுவதற்குக் காரணமே ஈயத்தைத் தவிர்ப்பதுதான் என்றால் பழைய ஈயத்தை உள்ளே விட்டுவைப்பதிலும் அர்த்தமில்லை. இரும்புக் குண்டுமணிகளைப் புரியுள்ள குழலில் போடவே கூடாது. துடைத்தாலும் துடைக்காவிட்டாலும் அது குழலுக்குக் கேடு.

துடைத்த துணியை என்ன செய்வது என்பது கடைசியாக வருவது வழக்கம், அதனாலேயே விடுபட்டும் போகிறது. அந்தக் கறுப்பு ஈயம். உடலில் ஈயத்துக்குப் பாதுகாப்பான அளவு என்று ஒன்று இல்லை என்பது உலக சுகாதார நிறுவனத்தின் நிலைப்பாடு. பாதிப்பு பிள்ளைகளுக்குத்தான் கூடுதல். வேகமாக ஏற்றுவதற்காகச் சன்னங்களை வாயில் அதக்கி வைத்துக்கொள்ளும் பழக்கம் இருந்தால் இன்றோடு விட வேண்டும். துணியைக் குசினி அடுப்பில் போடாமல், கோழி கிளறும் குப்பையில் எறியாமல், மூடியுள்ள ஒரு தகர டப்பாவில் சேர்த்து வைக்கலாம். காலியான சன்ன டப்பாவே அதற்குப் போதும். துடைத்த கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவிய பிறகே சோற்றில் கை வைக்க வேண்டும்.